பழைய வன்தட்டைக் குப்பையில் போடாதீர்!

"இந்தப் பழைய வன்தட்டு புதுக் கணினியில் ஏறவில்லை, போட்டுவிடலாம்." கெலாங் பாத்தா வட்டாரத்தில் இப்பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இதனை வன்மையாக மறுக்கிறேன். ஏறாதது எல்லாம் செத்துப்போனது அன்று. பெரும்பாலும் இணைப்பவருக்குப் பொறுமை இல்லை, அவ்வளவே.

மூன்றரை அங்குலத் தட்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும். அதைத் தொலைத்துவிட்டு, 'உயிரில்லை' என்கிறோம். இரண்டரை அங்குலத் தட்டு கணினியிடமிருந்தே மின்சாரம் பெறுவது. மலிவான ஹப்பில் செருகினால் திணறும். புதிய மடிக்கணினியில் சி-வகைத் துளை மட்டுமே உள்ளதா? சில ரிங்கிட் விலையுள்ள மாற்றிமுனை போதும்.

இவற்றினும் கொடியது திரையில் எழும் அந்தக் கேள்வி: தட்டை 'ஃபார்மட்' செய்யவா? 'ஆம்' என்று அழுத்தப் போகும் நண்பரே, சற்று நில்லும்! தட்டின் கோப்பமைப்பு கணினிக்குப் புரியவில்லை என்பதே அதன் பொருள். மேக் கணினிக்கென அமைத்த நல்ல தட்டை விண்டோஸில் செருகினாலும் இக்கேள்வி எழக்கூடும். தட்டு 'டக் டக்'கென ஒலித்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது கேடு.

தட்டு திறந்த பின்னும் ஒரு கூட்டம், "தமிழ் இல்லை, கிறுக்கல்தான் இருக்கிறது" என்று அழிக்கப் பார்க்கிறது. கிறுக்கல் அன்று ஐயா! ஒருங்குறி பரவுமுன், முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில், இணைமதி எழுத்துருவில், திஸ்கி முறையில் ஆசிரியர்கள் தட்டச்சு செய்த தமிழ் அது. அவ்வெழுத்துருவை நிறுவினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒருங்குறி மாற்றியில் இட்டால் இன்றைய கோப்பாகும்.

'எல்லாம் மேகத்தில் இருக்கிறதே' என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2011-இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் 2019-இல் முடிந்தது. அதனோடு வந்த ஃப்ராக் கற்றல் தளமும் போயிற்று. 2020-இல் டெலிமா வந்தது. நாளை எது வருமோ!

யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டபின் பழைய பயிற்சித்தாள்கள் எதற்கு என்பாரும் உளர். தேர்வுதான் போனது, மரபுத்தொடரும் இரட்டைக்கிளவியும் போகவில்லையே! போட்டிகளின் படங்களை என்ன செய்வது? தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்ட இவ்வட்டாரத்தில், தோட்டப் பள்ளியின் திடலை நம் பிள்ளைகள் வேறெங்கே காண்பர்?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசட்டும். தட்டில் எதையும் திருத்தாமல், அழிக்காமல், முழுவதையும் இரண்டு படி எடுக்க வேண்டும். ஒன்று பள்ளியில், மற்றொன்று பள்ளிக்கு வெளியே. அதுவரை அந்த இழுப்பறையின் சாவி தலைமையாசிரியரிடமே இருக்கட்டும்.