வயிற்றுவழிச் சுத்திகரிப்பு தாழ்ந்ததா?

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இயந்திரம் ஒன்றே கதி என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. வயிற்றுவழியே வீட்டில் செய்துகொள்ளும் டயாலிசிஸ் வைத்தியமே ஆகாது என்பாரும் உளர். ஏழைக் குடும்பங்களுக்குப் பெருந்தீங்கு செய்யும் கூற்று இது. மலேசியாவில் டயாலிசிஸ் பெறுவோருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இயந்திரத்தையே நம்பியிருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் இருவழிகளையும் ஒப்பிட்டறிந்து தேர்ந்தவர்கள்?

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றில் உழைப்பவரை எண்ணிப் பாருங்கள். இயந்திரமென்றால் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். பந்திங்கிலோ கிள்ளானிலோதான் இடம் கிடைத்ததென்றால் அன்றைய பொழுது போயிற்று. இப்படி விடுப்பெடுப்பவரை எந்த முதலாளி நெடுநாள் வைத்துக்கொள்வார்? துணைக்குச் செல்லும் மகனின் வேலையும் கெடும்.

மற்ற முறையில், வயிற்றில் பொருத்திய மென்குழாய்வழி ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர்மம் உட்செலுத்தப்படும். வயிற்றின் உட்சவ்வே வடிகட்டியாகும். சில மணி நேரத்தில் அதனை வடித்துப் புதியது விடவேண்டும். நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் அரைமணி. உறங்கும்போதே இதனைச் செய்யும் சிறு கருவியும் உண்டு.

சிறிய வீட்டில் தூய்மை ஏது என்பர். கதவடைத்து, விசிறியை நிறுத்தி, முகக்கவசமணிந்து, கைகளை நன்கு கழுவ ஒரு மூலை போதும். இதில் சோர்ந்தால் வயிற்றுச்சவ்வில் கிருமி தொற்றும் என்பது மெய்யே. நீர்மத்தில் சர்க்கரை இருப்பதால் நீரிழிவுக்காரருக்குக் கூடுதல் கவனம் தேவை. வயிற்றில் பலமுறை அறுவை செய்துகொண்டவர்க்கு இது பெரும்பாலும் பொருந்தாது. எனினும் உயிர்வாழும் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்றே பன்னாட்டு ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. ஹாங்காங் அரசு 1985 முதல் வயிற்றுவழி முறையையே முதலில் வைத்தது. செலவும் ஒரு காரணந்தான். ஆயினும், உதவாத வைத்தியத்தை ஒரு நாடு இத்தனை ஆண்டுகள் கட்டிக்காக்குமா?

நம் நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்குத் தலையாய காரணம் நீரிழிவு. அது ஒரே நாளில் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. விளக்கிச் சொல்ல ஆண்டுக்கணக்கில் அவகாசம் உண்டு. அதனை வீணாக்கிவிட்டு, மூச்சுத் திணறி அவசரப் பிரிவில் கிடப்பவரிடம் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது? கழுத்தில் குழாயேற்றி இயந்திரத்தில் இணைப்பதே அப்போது நடக்கும். மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டுத் தலையாட்டித் திரும்பும் மூதாட்டிக்கு, சிறுநீரகம் நலிவதாக அறிந்த அன்றே, இருமுறைகளையும் தமிழில் எடுத்துரைப்பவர் யார்? மருத்துவமனையில் ஆளில்லையெனில், உடன் செல்லும் பேரப்பிள்ளைக்கேனும் அச்சொற்கள் தெரிந்திருக்க வேண்டாமா?