அஞ்சாவது கியருக்கு எவ்வளவு குடுக்கலாம்?

எங்க வீட்டு மாருதி 800 என்னைவிட ஏழு வயசு மூத்தது. அதனால அப்பா என்னைத் திட்டும்போதெல்லாம், "பெரியவனைப் பாரு, ஒரு நாளாவது எதிர்த்துப் பேசியிருக்கானா?"னு போர்ட்டிகோவைக் காட்டுவார். பெரியவன் கார்புரேட்டர் வண்டி, நாலே கியர். மாசத்துக்குப் பத்து தடவை அப்பாவோட திண்டுக்கல்லேர்ந்து மதுரை போய் வருவான். மொத்தம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினேழு குடுக்கிறான்.

போன மாசம் ஃபீஸ் ரசீதைக் கையில வெச்சுக்கிட்டு அப்பா கேட்டார்: "மெக்கானிக்கல்னு சொல்லித்தானேடா மூணு வருஷமா கட்டுறேன்? இந்த வண்டிக்கு லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட்டித்தர முடியாதா உன்னால?"

சொரேர்னு இருந்துச்சு பாஸ்!

கேன்டீன்ல பிரச்னையை வெச்சேன். நம்ம பசங்களுக்கு அரியர் பேப்பர்ல பதில் தெரியாதே தவிர, வண்டி விஷயத்துல தெரியாதது கிடையாது. "அஞ்சு கியர் பாக்ஸ் போட்டுரு மச்சான்"னு ஒருத்தன். "கியர் பாக்ஸை ஏன் மாத்தணும், உள்ள ஃபைனல் டிரைவை மட்டும் மாத்து"ன்னு இன்னொருத்தன். "பெரிய டயர் மாட்டு, முடிஞ்சது கதை"ன்னு மூணாவது ஆள். மூணு பேர் சொன்னதும் ஒரே விஷயம்தான். அதே ஸ்பீடுல போகும்போது இன்ஜின் கொஞ்சம் மெதுவா சுத்தணும்.

அதனால ஏன் பெட்ரோல் மிச்சமாகுது? எனக்கே இது செகண்ட் இயர்ல புரியலை, ஜூஸ் குடிக்கும்போதுதான் புரிஞ்சது. ஸ்ட்ராவை விரலால நசுக்கிப் பிடிச்சுக்கிட்டு உறிஞ்சிப் பாருங்க. கன்னம் வலிக்கும், ஜூஸ் வராது. பெட்ரோல் இன்ஜினும் அப்படித்தான். சமதளத்துல 80-ல ஓட பெரியவனுக்கு எட்டு, ஒன்பது குதிரைத்திறன் போதும்னு என் கணக்கு சொல்லுது. அவன்கிட்ட இருக்கிறது கிட்டத்தட்ட அதைப்போல நாலு மடங்கு. மிச்சத்தை அடக்கி வைக்க த்ராட்டில் முக்கால்வாசி மூடியே கிடக்கும். மூடின கதவு வழியா காத்தை உறிஞ்சுறதுக்கே இன்ஜின் தன் சக்தியில ஒரு பங்கைச் செலவழிக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் உரசுற செலவு வேற. ஆர்.பி.எம். குறைஞ்சா உரசல் குறையும். அதே வேலையை வாங்க த்ராட்டிலை இன்னும் திறந்தாகணும், அதனால உறிஞ்சுற கஷ்டமும் குறையும்.

சரி, இப்ப பெரியவன் 80-ல எத்தனை ஆர்.பி.எம்.ல ஓடுறான்? 800-ல ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழட்டிட்டு, டாப் கியர்ல போட்டு, முன் சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்தணும். கிராங்க் புல்லியில சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணணும். ஞாயித்துக்கிழமை பின் சக்கரத்துக்கு செங்கல் அண்டக் குடுத்து, ஜாக்கி வெச்சு, எண்ணினோம். ரெண்டுகூட முழுசா வரலை!

ரெண்டுன்னா சாதாரணமா? 80-ல இன்ஜின் 1,650-க்குள்ள சுத்துதுன்னு அர்த்தம். "அப்பா, நம்ம வண்டியில ஏற்கெனவே உலகத்துலயே பெஸ்ட் கியர் பாக்ஸ் இருக்கு!"ன்னு கத்திட்டேன். அப்பா காபியை வெச்சுட்டு எழுந்து வந்தார். அவர் வந்து நிக்கிறப்பதான் என் கண்ணுல பட்டுச்சு... ஒரு பக்கம் மட்டும்தான் தூக்கியிருக்கோம். இன்னொரு சக்கரம் தரையிலயே இருக்கு. ஒரு சக்கரம் நின்னுட்டா டிஃபரன்ஷியல் பாதிதான் சுத்தும். வந்த எண்ணை ரெண்டால பெருக்கணும். எட்டு மார்க் கேள்வியா அதே டிஃபரன்ஷியலை எழுதி ஏழு மார்க் வாங்கினவன் நான். அப்பா எதுவும் பேசலை, காபியைத் தேடிப் போயிட்டார்.

ரெண்டு பக்கமும் தூக்கி எண்ணினப்ப நாலுக்குக் கொஞ்சம் கம்மி, 3.9 பக்கம் வந்துச்சு. டயர் 145/70 ஆர்12, விட்டம் 508 மி.மீ., ஒரு சுத்துக்கு 1.6 மீட்டர். ஆக 80-ல சுமார் 3,270 ஆர்.பி.எம்.

இப்ப கேன்டீன் ஐடியாக்களுக்கு வருவோம். டயர் ஐடியாவை முதல்ல முடிச்சுடறேன். சொன்னவன் தன் வீட்டு 800-ல 145/80 மாட்டி, "மைலேஜ் பதினேழுலேர்ந்து பதினாறரைக்கு இறங்கிடுச்சு"ன்னு புலம்பிக்கிட்டு இருந்தான். அந்த டயர் விட்டம் 537. ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூட ஓடும். ஆனா மீட்டர் எண்ணுறது சுத்தை மட்டும்தான். அவனோட பதினாறரை உண்மையில பதினேழரைக்குப் பக்கம். ஏறின மைலேஜை இறங்கினதா நினைச்சு ஒரு மாசம் வருத்தப்பட்டிருக்கான் பாவம்! மீட்டரைத் திருத்திப் படிக்கத் தெரிஞ்சா இது சின்ன லாபம். எங்க டயர் போன வருஷம்தான் வாங்கினது, அதனால அப்பாகிட்ட நான் வாயே திறக்கலை.

ஃபைனல் டிரைவ்தான் ஆசை காட்டுற விஷயம். அமெரிக்காவுல ஹோண்டா 1992-லேர்ந்து 95 வரைக்கும் சிவிக் விஎக்ஸ்னு ஒரு சின்ன ஹேட்ச்பேக் வித்தாங்க. சாதா சிவிக் டிஎக்ஸ்ல ஃபைனல் டிரைவ் 4.058. விஎக்ஸ்ல வெறும் 3.25! அஞ்சாவது கியர் ரெண்டுலயும் 0.702-தான். ஒரே அளவு டயர்னு வெச்சுக்கிட்டா, 100 கி.மீ. வேகத்துல டிஎக்ஸ் 2,700 பக்கம் சுத்தினா விஎக்ஸ் 2,150 பக்கம் ஜாலியா போகும். ஹைவேயில கேலனுக்கு 55 மைல்னு அந்தக்கால அரசு டெஸ்ட் சொன்னது. நம்ம கணக்குல லிட்டருக்கு 23 கி.மீ. பழைய சிவிக்கைத் தேடி எடுத்து மைலேஜ் வண்டியா மாத்துற ஆளுங்க அங்க இந்த கியர் பாக்ஸைத்தான் தேடி அலைவாங்க.

அப்ப நாமளும் ஃபைனலை இறக்கிட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். ஹோண்டா கியரை மட்டும் மாத்தலை. அதுக்குன்னே விடெக்-இ இன்ஜின் செஞ்சாங்க. மெதுவா சுத்தும்போது ஒரு இன்டேக் வால்வு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். காத்து சுழிச்சுக்கிட்டு உள்ள போகும். பெட்ரோல் ரொம்பக் கம்மியான கலவையும் சரியா எரியும். ஒன்றரை லிட்டர், 92 குதிரை வேற. குறைஞ்ச ஆர்.பி.எம்.லயும் அதுக்கு இழுவை இருந்துச்சு. பெரியவனுக்கு ஏது?

ஃபைனல் டிரைவை மாத்தினா டாப் கியர் மட்டும் மாறாது, முதல் கியரும் சேர்ந்து மாறும். எங்க சித்தி வீடு பண்ணைக்காட்டுல இருக்கு. அஞ்சு பேர், ஒரு மூட்டை அரிசி, கொண்டை ஊசி வளைவுல எதிர்ல பஸ். நிறுத்தி எடுக்கணும். இப்பவே முதல் கியர்ல முக்கிக்கிட்டுதான் ஏறுறான். விஎக்ஸ் மாதிரி இருபது சதவீதம் ஃபைனலை இறக்கினா அதே இருபது சதவீத இழுவை முதல் கியர்லயும் போயிடும். பாதி கிளட்ச்லயே ஏத்தி, கிளட்ச் பிளேட் கருகுற வாசனையோடதான் சித்தி வீட்டு வாசல்ல இறங்கணும். மதுரை ரோட்டுல மிச்சம் பண்ணினதை மலையில குடுத்துட்டு வரவேண்டியதுதான். அந்த ஐடியா அவுட்.

மிஞ்சினது அஞ்சு கியர் பாக்ஸ். 2000-ல மாருதியே 800-ல அஞ்சு கியர் குடுத்தாங்க. அந்தக் குடும்பத்து பாக்ஸ் ஒண்ணு பழைய பார்ட்ஸ் கடையில இருக்குன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னார். போய் தரையில வெச்சு சுத்தி எண்ணினோம் (இந்தத் தடவை டிஃபரன்ஷியலை மறக்கலை!). முதல் கியர்ல எங்க பழசுக்கும் இதுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அஞ்சாவதுல 3.3 சுத்து. 80-ல 2,760 ஆர்.பி.எம். பண்ணைக்காட்டுக்கும் பங்கமில்லை, மதுரைக்கும் லாபம்.

ஆனா அஞ்சாவது எப்பவும் வேலைக்கு ஆகாது. 80-ல சமதளத்துல வண்டிக்குத் தேவை சுமார் 280 நியூட்டன். முழு ஆக்சிலேட்டர்ல நாலாவது கியர் 800 தரும்னா அஞ்சாவது 690தான் தரும். நாலு பேர் உட்கார்ந்து, நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏற்றம் வந்தா தேவை 640. எதிர்க்காத்தும் ஏ.சி.யும் சேர்ந்தா அவ்ளோதான், நாலாவதுக்கு இறங்கணும். டவுன்ல 50-ல அஞ்சாவது போட்டா 1,700 பக்கம் போய் வண்டி உதறும். கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு ஆக்சிலேட்டரைத் தரையோட மிதிக்கிற ஆளுக்கு மைலேஜ் ஏறாது. எங்க அப்பா அந்த ரகமா இல்லையான்னு எனக்கே சந்தேகம்தான்.

அடுத்து காசு. பாக்ஸ், மவுன்ட், கியர் ராடு, கூலி எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம்னார் அண்ணன். மைலேஜ் பத்து சதவீதம் கூடினா மாசம் கிட்டத்தட்ட ஆறரை லிட்டர் குறையும். லிட்டர் நூறு ரூபாய்னு வெச்சா 650 ரூபாய். போட்ட காசு திரும்ப வர இருபத்தெட்டு மாசம். பெரியவனோட எஃப்.சி.க்கு இன்னும் பாக்கி இருக்கிறது முப்பது மாசம்! அதுக்கப்புறம் மறுபடி புதுப்பிப்பாங்களா, பசுமை வரி கட்டுவாரா அப்பா... யாருக்குத் தெரியும்? பத்து சதவீதம் எட்டா குறைஞ்சாலே கணக்கு கவுந்துடும்.

இதையெல்லாம் ஒரு கிராஃப் ஷீட்ல போட்டு அப்பாகிட்ட நீட்டினேன். வேண்டாம்னு சொல்லிடுவார்னுதான் நினைச்சேன். பாதி மனசுல அதையே எதிர்பார்த்தேன்னுகூட சொல்லலாம்.

ரொம்ப நேரம் பார்த்தார். "80-க்குப் பதிலா நான் 65-ல போனா?"

"காத்து எதிர்ப்பு நிறைய குறையும்ப்பா. செலவே இல்லாம இதுல பெரும்பகுதி கிடைச்சுடும். ஆனா மதுரை போக பத்து நிமிஷத்துக்கிட்ட லேட்டாகும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கியரைத்தானே..."

"நான் எப்படா கியர்னு சொன்னேன்? ரெண்டு கிலோமீட்டர்னுதான் சொன்னேன்."

உண்மைதான். கியர்னு சொன்னது கேன்டீன்.

இந்த மாசம் முழுக்க 65-ல போய், ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் கணக்கு எழுதறதா ஏற்பாடு. அப்புறம்தான் பாக்ஸ். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு கடையில ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் குடுத்திருக்கேன், என் ஸ்டைபண்ட்லேர்ந்து. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நேத்து ராத்திரி டைரியைப் பார்த்தேன். முதல் டேங்க்: 19.2.

அட்வான்ஸை எப்படித் திருப்பி வாங்குறதுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.