பிள்ளையின் கையில் ரிமோட்: வாங்கிக் கொடுக்கும் முன் நாம் பேச வேண்டியவை



பாடசாலையில் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறோம். முன்பு பிள்ளைகள் ரிமோட் கார் கேட்டார்கள், பிறகு ட்ரோன் கேட்டார்கள். இப்போது காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் சில பிள்ளைகள் "சேர், ஆர்.சி. பிளேன் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். யூடியூபைப் பார்த்து ரிஜிபோம் பலகையை வெட்டி இறக்கை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பாவிடம், நானாவிடம் மோட்டார், பெட்டரி, ரிமோட் என்று ஒரு பட்டியலும் அனுப்புகிறார்கள்.

இதைக் கேட்டதும் நம்மில் பாதிப்பேர் "காசுக்குக் கேடு" என்கிறோம். மற்றப் பாதிப்பேர் குரலைத் தாழ்த்தி "நமக்கு ஏன் இந்த வம்பு?" என்கிறோம். இந்த இரண்டாவது பேச்சைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. படுவான்கரைக்கு டோர்ச் பெட்டரி கொண்டுபோகக்கூடத் தடை இருந்த காலத்தை நமது மாவட்டம் கண்டது. 2007 மார்ச் 26இல் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்காவில் குண்டு போட்ட பிறகு, பறக்கும் எதுவுமே சந்தேகப் பொருளானது. 2019 ஏப்ரல் 21இல் நடந்த கொடுமைக்குச் சில நாட்களில் நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடத் தடை வந்தது. அதன் பிறகு நமது ஊரின் பெயரைச் சொன்னாலே எப்படிப் பார்த்தார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அனுபவித்தவர்கள் நாம்தான். ஆகவே, பிள்ளையின் அறையில் வயரும் மோட்டாரும் சேர்க்கியூட்டும் கிடப்பதைக் கண்டால் ஒரு உம்மாவின் நெஞ்சு பதறுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் கண்டிருக்கும் மருந்து பிழையானது. "யாருக்கும் சொல்லாதே, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்" என்கிறோம். சந்தேகத்தை வளர்ப்பது இந்த ஒளிப்புத்தான். எல்லோருக்கும் தெரிய, பெரியவர்கள் பக்கத்தில் நிற்க, சட்டப்படி பதிந்து, பகல் வெளிச்சத்தில் பறக்கும் விமானத்தில் சந்தேகப்பட எதுவுமில்லை. ஆசையைத் தடுத்தால் பிள்ளை விட்டுவிடப் போவதில்லை. மொட்டை மாடியில், யாருக்கும் தெரியாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்யப் போகிறான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆர்.சி. விமானமானாலும் ட்ரோனானாலும் ஆளில்லா விமானம் என்றே கணக்கு. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சேவைகள் சட்டத்தின் கீழ், சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைதான் இதற்குப் பொறுப்பு. 200 கிராமுக்கு மேல் எடை இருந்தால் பதிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். ரிமோட் வானொலி அலையில் வேலை செய்வதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். இந்த விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே சாமான் வாங்கிய பிறகு அல்ல, வாங்கும் முன்னரே அந்த அலுவலகங்களில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நானா கஷ்டப்பட்டு உழைத்த காசில் வாங்கிய பெட்டி சுங்கத்தில் முடங்கிக் கிடப்பதை விட, ஒரு மாதம் பொறுப்பது நல்லது. 200 கிராமுக்குக் குறைந்தது என்றால் நினைத்த இடத்தில் பறக்கவிடலாம் என்றும் யாரும் எண்ண வேண்டாம்.

இன்னொன்று: மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைதீவில் இருக்கிறது. காத்தான்குடி, கல்லடி, ஆரையம்பதி எல்லாம் அதிலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். நமது மாடிகளுக்கு மேலே பறக்கவிடுவது விளையாட்டல்ல.

இனி, சாமான்களைப் பற்றி. கடைக்காரர்களும் வீடியோக்காரர்களும் "புதுசு, புதுசு" என்று காட்டுவதில் எது நமக்குத் தேவை, எது தேவையில்லை?

1) ரிமோட்டை முதலில் வாங்குங்கள், விமானத்தை அல்ல. பெட்டியோடு வரும் விளையாட்டு ரிமோட் அந்த ஒரு விமானத்தோடு செத்துவிடும். நல்ல ரிமோட் பத்து விமானங்களுக்கு உழைக்கும். ஒரு காலத்தில் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு கிரிஸ்டல் இருந்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரிமோட்டைப் போட்டால் விமானம் விழும். இப்போதைய 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டுகளில் அந்தத் தொல்லை இல்லை. பிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற பழைய, மலிவான ஆறு சனல் ரிமோட்டே தொடங்கப் போதும். புதிதாக வந்தவற்றில் ரேடியோமாஸ்டர் பொக்கெட் போன்றவை சிறியவை. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற திறந்த மூல முறையில் தூரத்துக்கும் சிக்னல் உறுதியாகப் போகும். ஆனால் தூரம் போகும் என்பதற்காகத் தூரம் அனுப்பக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் எல்லைதான் நமது எல்லை.

2) பறக்கும் முன் கணினியில் பறக்கட்டும். ரிமோட்டை யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து சிமுலேட்டரில் பழகலாம். பிகாசிம் போன்ற இலவச மென்பொருளே போதும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். புதியவர்கள் விமானத்தை விழுத்துவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதைத் திரையில் நூறு தடவை விழுத்திப் பழகினால் ஒரு சதமும் செலவில்லை.

3) பெட்டரியில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். இவற்றில் இருப்பது லித்தியம் பொலிமர் பெட்டரி. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். பல நாள் சும்மா வைப்பதென்றால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். செல்களைச் சமப்படுத்தி ஏற்றும் பெலன்ஸ் சார்ஜர் இல்லாமல் இந்தப் பெட்டரியை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். சார்ஜ் போடுவது சீமெந்துத் தரையில், பெரியவர் ஒருவர் பார்த்திருக்க, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு. கட்டிலில் வேண்டாம், இரவு தூங்கும்போது வேண்டாம். மதிய வெயிலில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைக்க வேண்டாம். புடைத்துப்போன பெட்டரியை மீண்டும் பாவிக்கவே வேண்டாம்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவரும் சகோதரர்களுக்கு: தனியாக இருக்கும் லித்தியம் பெட்டரியைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது. கையில் கொண்டுவரும் பையில்தான் வைக்க வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடி. பொதுவான எல்லை 100 வோட்-மணி. 11.1 வோல்ட், 2200 மில்லி அம்பியர் பெட்டரி ஒன்று ஏறத்தாழ 24 வோட்-மணிதான். ஆனாலும் உங்கள் விமான நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

4) முதல் விமானம் அழகாக இருக்க வேண்டியதில்லை. இறக்கை மேலே இருக்கும், மெதுவாகப் பறக்கும், ஃபோமில் செய்த பயிற்சி விமானம்தான் நல்லது. விழுந்தால் பசை போட்டு மறுநாள் பறக்கலாம். போர் விமான வடிவத்தில் வேகமாகப் பறப்பதை முதலில் வாங்கிக் கொடுத்தால், அதன் வாழ்நாள் ஒரு நிமிடம். நமது ஊர் ரிஜிபோம் பலகை, 9 கிராம் சேர்வோ நான்கு, ஒரு மோட்டார், ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி: இவற்றைக் கொண்டு பிள்ளையே செய்யும் விமானம் கற்றுத் தருவதைக் கடைப் பெட்டி கற்றுத் தராது.

5) ஜைரோ நல்லது, ஆனால் அதுவே ஆசானல்ல. விமானம் சரிந்தால் தானே நிமிர்த்தும் கருவிகள் இப்போது சின்ன விமானங்களிலும் வந்துவிட்டன. தொடக்கத்தில் உதவும். கை பழகியதும் அதை அணைத்துப் பறக்கக் கற்க வேண்டும். அதைவிட முக்கியமானது ஃபெயில்சேஃப். ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்து, ஒவ்வொரு முறையும் தரையில் சோதித்த பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

6) கெமரா வேண்டாம். இதில் நாங்கள் பிடிவாதமாகவே இருக்கிறோம். காத்தான்குடி போல வீட்டோடு வீடு ஒட்டிய ஊரில், ஒரு கெமரா மேலே போனால் எத்தனை முற்றங்கள், எத்தனை கிணற்றடிகள் தெரியும்? பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. இறக்கை முளைத்ததற்காக அது ஹலாலாகிவிடாது. கெமரா இல்லாத விமானத்தை அயலவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் விளக்குவதும் எளிது.

எங்கே பறப்பது? பெரும்போக வெட்டு முடிந்த வயல்கள் படுவான்கரையில் கண்ணுக்கெட்டும் தூரம் வரை கிடக்கின்றன. வயல்காரரிடம் கேட்டு, மின்கம்பி இல்லாத, விமான நிலையத்துக்கு எட்டத்தில் உள்ள இடத்தைத் தெரிவு செய்யலாம். நேரம் சுபஹுக்குப் பிறகு, காற்று எழும்பும் முன். கச்சான் அடிக்கும் மாதங்களில் பகலில் வேண்டவே வேண்டாம். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, படுவான்கரையில் ஏற்றிய ஃபோம் விமானத்தை நேரே வாவிக்குத்தான் கொண்டுபோகும். வாவியில் விழுந்தால் போகட்டும் என்று விடுங்கள், அல்லது தோணிக்காரரைக் கேளுங்கள். முதலை இருக்கும் தண்ணீரில் ஒரு மோட்டாருக்காகப் பிள்ளை இறங்கக் கூடாது.

"இதெல்லாம் எதற்கு, ஒழுங்காகப் படிக்கட்டுமே" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அதில் சேரும் நமது பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு மோட்டாரைத் தன் கையால் இணைத்திருக்கிறார்கள்? இந்த விமானத்தில் பௌதிகம் இருக்கிறது, கணிதம் இருக்கிறது, இலத்திரனியல் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. 1400 கேவி என்று எழுதிய மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1400 சுற்று, அப்படியானால் 11.1 வோல்ட்டுக்கு எத்தனை? இதைப் பரீட்சைக்காகக் கேட்டால் கொட்டாவி விடும் பிள்ளை, தன் விமானத்துக்காகத் தானே கணக்குப் போடுகிறான்.

நமது வயல்களில் இன்றும் "லேண்ட்மாஸ்டர்" என்று சொல்கிறோமே, அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் இருந்த மூளை நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜயவர்தன. அதே மனிதர்தான் தன் கையால் சிறு விமானங்களைச் செய்து தானே ஓட்டியவர். மண்ணை உழுததும் வானில் பறந்ததும் ஒரே ஆர்வத்தின் இரண்டு முகங்கள்.

இன்னும் பின்னே போனால், ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறக்கை கட்டிப் பறக்க முயன்றதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார். இறங்கும்போது அடிபட்டதற்கு, வால் வைக்காததே காரணம் என்றும் சொல்கிறார். மேடைகளில் அவர் பெயரைப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் வால் எதற்கு என்று நமது பிள்ளை செய்து பார்க்கக் கேட்டால் "வம்பு வேண்டாம்" என்கிறோம். இது நியாயமா?

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு வாப்பாவும் தனித்தனியே வாங்கிக் கொடுத்து ஒளித்துவைப்பதை விட்டு, பாடசாலையில் ஒரு கழகமாகத் தொடங்குவோம். பொதுவாக ஒரு ரிமோட், ஒரு சார்ஜர், இரண்டு பெட்டரி, ஒரு பயிற்சி விமானம் போதும். ஆசிரியர் ரிமோட்டும் மாணவர் ரிமோட்டும் இணைந்து பழகும் வசதி இருக்கிறது. பிள்ளை தவறினால் ஆசிரியர் ஒரு சுவிட்சில் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பொறுப்புள்ள பெரியவர் பெயரில் பதிவு செய்வோம். அதிபர், கிராம உத்தியோகத்தர், பொலிஸ் நிலையம் மூவருக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுத்தில் கொடுப்போம். ஆரையம்பதி, கல்லடி, வவுணதீவுப் பாடசாலைகளையும் அழைப்போம். எழுவான்கரைப் பிள்ளையும் படுவான்கரைப் பிள்ளையும் ஒரே வயலில் நின்று வானத்தைப் பார்ப்பது, நாம் நடத்தும் பல நல்லிணக்கக் கூட்டங்களை விடப் பயன் தரும் என்று நம்புகிறோம். பெண்பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். நமது வகுப்புகளில் ரிஜிபோமை நேராக வெட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பழைய மாணவர்களில் இலத்திரனியல் தெரிந்தவர்கள், வயல் தரக்கூடியவர்கள், பதிவு வேலையில் அனுபவம் உள்ளவர்கள் கொமெண்டில் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், பதில் சொல்வோம். வரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை முன்வைக்கிறோம். பெற்றோர் வந்து பேசினால்தான் நிறைவேறும்.

வஸ்ஸலாம்.