கணக்கில் எழுத வேண்டாதன

நீரிழிவுக்கஞ்சி, உண்பனவற்றை ஏட்டிலோ கைத்தொலைபேசியிலோ குறித்து வரும் பழைய மாணவர் இன்று பலர். வெள்ளரித் துண்டையும் நிறுத்தெழுதல் வேண்டுமோ? வேண்டாமென்பதே எம் கருத்து. 100 கிராம் வெள்ளரியில் ஏறக்குறைய 15 கலோரியே உண்டு, கீரைவகைகளும் மிகுதியுடையனவல்ல. எழுதும் தொல்லைக்காக இலைக்கறியையே கைவிட்டாரையும் யாம் அறிவோம்; அது பெரிய இழப்பு.

ஆனால், கீரையை எழுதாது விடுவோர் அதனுள் விட்ட தேங்காய்ப்பாலையும் உடன் விட்டுவிடுகின்றனர்! ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயே 120 கலோரி தரும். தேநீரும் அவ்வாறே. வெறுஞ்சாயத்தில் ஒன்றுமில்லை, சீனியோ தேக்கரண்டிக்கு 16 கலோரி. சென்ற தவணை முழுவதும் ஆசிரியர் அறையில், கோப்பைக்கு இரண்டு கரண்டியாக நாளும் ஐந்து கோப்பை அருந்திய யாம், அந்த 160 கலோரியை ஒருநாளேனும் எழுதினோமில்லை.