இரத்தம் எங்களுடையது, கேள்வியிலும் எங்களுக்குப் பங்கு வேண்டும்

சில வருடங்களுக்கு முன் எங்கள் டிவிஷனுக்கு ஒரு குழு சுகாதார ஆய்வு செய்ய வந்தது. காலைப் பெரட்டு முடிந்ததும் பெண்களைப் பிள்ளைக்காம்பராவில் வரிசையாக உட்கார வைத்தார்கள். நிறை பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. "முடிவு வந்ததும் அறிவிப்போம்" என்று போனவர்கள் இன்றுவரை திரும்பி வரவில்லை. அன்று மலைக்குப் பிந்திப் போனவர்களுக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

பக்கத்து லயத்து அக்கா ஒருவர் என்னைக் கண்டால் இன்னும் கேட்பார்: "ஏன் தம்பி, அன்னிக்கு எடுத்த ரத்தத்துல என்னதான் இருந்துச்சாம்?" என்னிடம் பதில் இல்லை.

இப்போது சுகாதார ஆய்வாளர்கள் மத்தியில் வேறொரு பேச்சு கேட்கிறது. நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் ஆய்வின் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எதை ஆராய்வது, எப்படிக் கேட்பது, முடிவை யாருக்குச் சொல்வது என்பதையெல்லாம் அவர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டுமாம். கொவிட் காலத்திலிருந்து இந்தக் கலந்துரையாடல்கள் பல, கையடக்கத் தொலைபேசியிலும் கணினியிலும் இணையவழிச் செயலமர்வுகளாக நடக்கின்றன.

இது யாரோ போடும் பிச்சை அல்ல. பிரித்தானியாவில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு நோயாளிகளையும் பராமரிப்பவர்களையும் வைத்தியர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒவ்வொரு நோயிலும் முதலில் ஆராய வேண்டிய பத்துக் கேள்விகளைத் தெரிவு செய்ய வைக்கிறது. மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964இல் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் 2024இல் திருத்தப்பட்டது. ஆய்வுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் பங்குபற்றுவோரோடும் அவர்களது சமூகத்தோடும் உண்மையாகக் கலந்து பேச வேண்டும் என்று அது இப்போது சொல்கிறது.

கேள்வி கேட்பவர் மாறினால் என்ன மாறும்? 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார மதிப்பாய்வின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் அது நூற்றுக்கு 32 பேர் அளவில் இருந்தது. இதைப் பார்த்ததும் வெளியிலிருந்து வருபவர், "தாய்மாருக்குப் போசாக்கு பற்றிய அறிவு இருக்கிறதா?" என்று கேட்பார். கொழுந்து எடுக்கும் தாய் வேறு கேள்வி கேட்பாள்: "கைக்குழந்தையை விட்டு மலைக்குப் போனால் பால் கொடுக்க எத்தனை தடவை வர முடிகிறது? இந்தச் சம்பளத்தில் முட்டை வாங்க முடியுமா?" மலையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே பொழுதைக் கழிக்கும் பெண்ணின் உடம்புக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி, அப்படிக் கழித்தவளுக்குத்தான் முதலில் தோன்றும்.

ஆகவே இந்தச் செயலமர்வுகளில் நம்மவர்கள் இருக்க வேண்டும். ஆனால் இணைய இணைப்பை அனுப்பிவிட்டு "வாருங்கள்" என்றால் போதாது. கொவிட் காலத்தில் நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று படித்ததை மறந்துவிடவில்லை. காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் நாம் மலையில் நிற்போம். வீட்டில் ஒரு போன் இருந்தால் அது பிள்ளையின் கையிலோ கொழும்பில் வேலை செய்யும் மகனிடமோ இருக்கும். எட்டடிக் காம்பராவில் உட்கார்ந்து மாதவிடாய் பற்றியோ காசநோய் பற்றியோ பேசினால் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. நேரம் மாலை ஆறு மணிக்குப் பின், அல்லது ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளில் என்றால் முழுப்பேருக்கான காசை ஆய்வு நடத்துவோர் கொடுக்க வேண்டும். டேட்டா செலவும் அவர்களுடையதே.

2. தோட்டத்தில் சிக்னல் உள்ள ஒரு பொது இடத்தில், கதவைச் சாத்திப் பேசக்கூடிய அறை. பெண்களுக்குத் தனி அமர்வு. துரைமாரோ கங்காணியோ அங்கே இருக்கக் கூடாது.

3. நாம் பேசும் தமிழில் பேச்சு. சம்மதத் தாளை வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து. பேசுவது பதிவாகிறதா, அதை யார் கேட்பார்கள் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். முகம் காட்டாமல் பேசவும், இடையில் விலகவும் உரிமை வேண்டும்.

4. முடிவு வந்ததும் அதே தோட்டத்துக்கு வந்து, அதே ஆட்களிடம் சொல்ல வேண்டும்.

இது பேராசை என்று யாரும் சொல்ல வேண்டாம். தென்னாபிரிக்காவின் சான் பழங்குடியினர் தங்களை ஆராய வருவோர் நடக்க வேண்டிய விதிகளை 2017இல் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்பன அதில் அவர்கள் வைத்த நிபந்தனைகள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாராவது "தொழிலாளரின் கருத்து வேண்டும்" என்று வந்தால், நோயாளியைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தலைவர்மாரான நாமே மைக்கைப் பிடித்துக்கொள்கிறோம். சிறுநீரகம் பழுதான ஒருவரின் கஷ்டத்தை அவரும் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் மனைவியும்தான் சொல்ல முடியும். கதவைத் திறந்து விடுவதும், நிபந்தனைகளைப் பேசி வாங்குவதும் சங்கத்தின் வேலை. பேச வேண்டியவர்கள் அவர்கள்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுங்கள். உங்கள் உடம்பைப் பற்றி யாராவது ஆராய்ந்து சொல்ல மாட்டார்களா என்று நீங்கள் நினைத்த கேள்விகளை ஒரு தாளில் எழுதி மாதர் சங்கத் தலைவியிடம் கொடுங்கள். அடுத்த குழு தோட்டத்துக்கு வரும்போது, ஊசியை எடுப்பதற்கு முன் அந்தத் தாளை அவர்கள் வாசிக்கட்டும்.