மணத்துள் மறைந்த கேடும் மறுக்கப்பட்ட தமிழும்

சிறுசேரியை அடுத்த ஊருக்குத் தாழம்பூர் என்று பெயர். தாழையின் மணத்தைப் பெயரிலேயே நினைவூட்டும் அவ்வூரைச் சூழ்ந்து இன்று அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. அவ்வீடுகளில் கமழ்வது தாழையன்று. தரைகழுவும் நீர்மமும், சலவைத்தூளும், அறைமணத் தெளிப்பானும் உமிழும் செயற்கை மணமே! குளிரூட்டுவதற்காகப் பலகணிகளை அடைத்த அறைக்குள், அது வெளியேற வழியின்றித் தங்குகின்றது.

மணத்தால் என்ன கேடு என்பார் உளர். ‘மணப்பொருள்’ என்னும் ஒரு சொல்லுக்குள் பற்பல வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். அவற்றுட் சில, ஒவ்வாதார்க்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். ஈளை நோயாளர்க்கு மூச்சிரைப்பைத் தூண்டும். எலுமிச்சை மணந்தரும் இலிமோனீன், காற்றிலுள்ள ஓசோன் வளியோடு வினைபுரிந்து, சிற்றளவேனும் பார்மால்டிகைடைத் தோற்றுவிக்கும். புற்றுநோய் விளைக்கும் பொருளென உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வரையறுத்த பொருள் அது. இலிமோனீனோ எலுமிச்சைத் தோலில் இயல்பாகவே உள்ளது. எனவே, ‘இயற்கை’ என்று அச்சிட்டிருப்பதாலேயே தீங்கில்லையென நம்புதலும் பேதைமையே!

ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒப்பனைப் பொருள்களில் குறித்த அளவுக்கு மேற்பட்ட 26 மணப்பொருள்களைப் பெயர்சுட்டி அச்சிட வேண்டுமென்னும் கட்டாயம் 2005 முதல் உள்ளது. 2023-இல் அப்பட்டியல் எண்பதுக்கும் மேலாக விரிந்தது. இனப்பெருக்கத்திற்கு ஊறு செய்வதென வகைப்படுத்தப்பட்ட இலிலியல் என்னும் மணப்பொருள், 2022 மார்ச்சு முதல் அங்கு ஒப்பனைப் பொருள்களில் தடைசெய்யப்பட்டது.

இங்கோ? பொதியிட்ட பண்டத்தின் பெயர், அளவு, விலை முதலியன இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கிறது இந்திய அரசின் 2011-ஆம் ஆண்டு நெறிமுறை. பிற மொழிகளைச் சேர்த்துக் கொள்ளலாமாம், சேர்த்தாக வேண்டுமென்பதில்லை! தமிழ் மண்ணில், தமிழர் பணத்திற்கு விற்கும் பொருளில் தமிழ் வெறும் விருந்தாளி!

கேளம்பாக்கத்திலிருந்தும் நாவலூரிலிருந்தும் வந்து அவ்வடுக்ககங்களில் தரை துடைக்கும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் அந்நீர்மத்தில் கை நனைப்பவர் அவர். குப்பியின் எச்சரிக்கையோ அவர் அறியா மொழியில்! படிக்க இயலாத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா? மொழியுரிமை மேடைக்கு மட்டும் உரியதன்று; உயிர்காப்பும் அதனுள் அடங்கும். ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ குறித்து நூலெழுதிய மறைமலையடிகளார், மொழிநலத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே போற்றியவர் அல்லரோ?

மணப்பொருள்கள் ஒவ்வொன்றும் பெயர்சுட்டப்படல் வேண்டும். எச்சரிக்கை தமிழில் இருத்தல் கட்டாயமாதல் வேண்டும். அதுவரை, மணமற்றதைத் தேர்க; தெளிப்பானைத் தவிர்க்க; பலகணியைத் திறக்க. தூய்மைக்கு மணம் வேண்டுவதில்லை, தமிழர்களே! கடற்காற்று வீசும் மண்ணில் காற்றையும் கடையில் வாங்குவதோ?