சாக்கில் கட்டிய பூனை

காப்பியமும் கல்வெட்டும் பேசும் நம் மன்ற மலரில் பூனையின் மலசலத்தைப் பற்றி எழுத ஒருவன் வந்துவிட்டானே என்று முகம் சுளிக்க வேண்டா. வீட்டுத் தூய்மையைப் பற்றி மேடையில் முழங்குவது எளிது. அந்தத் தூய்மையை நாள்தோறும் கையால் செய்கிறவர் யார் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

நம் விடுதிச் சமையற்கட்டைச் சுற்றி நான்கு பூனைகள் திரிகின்றன. அரிசி மூட்டை அடுக்கிய அறையில் அவை அசுத்தம் செய்கின்றன என்பது உண்மை. அதற்கு மருந்தாகச் சிலர் சொல்லும் வழி, நான்கையும் சாக்கில் கட்டி மாதேசுவரன் மலைச் சாலையில் விட்டுவிடுவது. கொள்ளேகால் பக்கத்தவனாகிய எனக்கு இந்த மருந்து புதிதன்று. அந்த மலை 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைகள் மாறினவே தவிர, மேட்டூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் அமாவாசைதோறும் மலையேறும் கூட்டம் மாறவில்லை. அந்தச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திச் சாக்கின் வாயை அவிழ்ப்போரை நானே கண்டிருக்கிறேன். “காட்டில் பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போனார்கள்!

பிழைக்குமா? அது 2013-இல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட காடு. பரப்பு ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர். அங்கே சிறுத்தை உண்டு, செந்நாய் உண்டு. அடுப்படியில் பால் குடித்து வளர்ந்த பூனை அவற்றின் நடுவே எத்தனை இரவு தாங்கும்? தாங்கினால் வேறொரு கேடு. வீட்டுப் பூனையின் தொற்றுநோய்கள் காட்டுப் பூனை இனங்களுக்கும் பரவக்கூடியவை. சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பட்டினியாலோ தாகத்தாலோ வருந்தும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

பூனை ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்போம். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனை. குடிக்க நீர் அரிதாகையால் அதன் சிறுநீரகம் நீரைச் சிக்கனமாகச் செலவிடப் பழகியது. அதனால்தான் பூனையின் சிறுநீர் அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு நாற்றம். மலத்தை மண்ணால் மூடுவதும் அந்த மணல் நிலத்து வழக்கமே. நாம் செய்தது என்ன? முற்றத்தைச் சிமெண்டால் பூசினோம். கொல்லையில் அறை எடுத்து வாடகைக்கு விட்டோம். தோண்ட ஒரு பிடி மண்ணை விட்டு வைக்கவில்லை. தோண்டினால் இடம் கொடுப்பது அரிசி மூட்டையும் மெத்தையுந்தான் என்றால் பூனை வேறெங்கே போகும்?

மேல்நாட்டார்க்கும் இதே தொல்லை இருந்தது. அவர்களும் நம்மைப் போல் சாம்பலையும் மணலையும் வைத்துக் காலம் தள்ளினார்கள். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், எண்ணெய்க் கறையை உறிஞ்ச விற்று வந்த ஒருவகைக் களிமண்ணை, மணல் கேட்ட அயல்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தார். அதிலிருந்து பெரிய வாணிகமே பிறந்தது. பின்னாளில் ஈரம் பட்டால் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் பெண்டோனைட் மண் வந்தது. அந்த மண் நம் குசராத்தின் கட்சுப் பகுதியிலேயே வெட்டி எடுக்கப்படுகிறது. கடையில் வாங்க வசதியில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. சலித்த மணலும் அகலமான பழைய பிளாஸ்டிக் தொட்டியும் போதும்.

ஆனால் தொட்டி வைத்தால் மட்டும் போதாது. எத்தனை பூனையோ அத்தனையும் ஒன்றும் கூட என்பது மருத்துவர் சொல்லும் கணக்கு. நான்கு பூனைக்கு ஐந்து தட்டு. சோற்றுத் தட்டின் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது. நாமும் வைத்துக்கொள்ள மாட்டோமே! ஆள் நடமாட்டமில்லாத மூலை நல்லது. இரண்டு மூன்று விரல் ஆழத்துக்கு மணல் வேண்டும். நறுமணம் கலந்த மணல் நம் மூக்குக்காகச் செய்தது. பூனைக்கு அது ஆகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அழுக்கை நாள்தோறும் அள்ள வேண்டும். பூனை தட்டை வெறுப்பதற்கு முதற் காரணம் அள்ளாத தட்டுதான்.

இனிப் பினாயில். நம் வீடுகளில் தூய்மை என்றால் பினாயில் மணம் என்று ஆகிவிட்டது. பீனால் சேர்ந்த பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பினாயில் தரையில் நடந்து, காலை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மேல் கொட்டினாலோ, எழும் ஆவி நம் நெஞ்சையே அடைக்கும். சோப்பும் கொதிநீரும் போதும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தட்டை விட்டு வெளியே முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும் ஆண்பூனை திமிர் பிடித்ததன்று. அதன் நீர்த்தாரை அடைத்திருக்கலாம். முழுக்க அடைத்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் நம் வீடுகளில் அதற்குக் கிடைப்பது துடைப்ப அடி! சுவரில் பீய்ச்சும் பூனை வேறு. அது எல்லை குறிக்கிறது. கால்நடை மருத்துவமனையில் கருத்தடை செய்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும்.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பூனையே கூடாது என்பாரும் உளர். டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரை 1908-இலேயே கண்டார்கள். அதன் வாழ்வில் பூனைக்குள்ள பங்கு 1970-ஐ ஒட்டித்தான் தெளிவாயிற்று. பூனையின் மலத்தில் வரும் அதன் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. முதிர ஒரு நாளாவது ஆகும். ஆகவே நாள்தோறும் அள்ளுகிற வீட்டில் ஆபத்து மிகச் சிறிது. கருவுற்றவள் அந்த வேலையைத் தொடாதிருந்தால் முடிந்தது. வேறு யார் செய்வது என்கிறீர்களா? கணவன் செய்யட்டும், மைத்துனன் செய்யட்டும்! பூனையை வெளியேற்றச் சொல்லும் ஆண்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது முறத்தைக் கையில் எடுத்திருப்பார்கள்?

மலையின் சாமி புலியேறிய சாமி. 2023-இல் அங்கே எழுப்பிய 108 அடிச் சிலையிலும் மாதேசுவரர் புலிமேல்தான் அமர்ந்திருக்கிறார். புலியும் பூனைக் குடும்பந்தான். ஆனால் அது தன் மலத்தை மூடுவதில்லை, வழிமேலேயே விட்டுப் போகும். ‘இது என் இடம்’ என்பது அதன் பொருள். மரத்தில் அது பீய்ச்சும் நீரில் பாசுமதி அரிசியின் மணத்தைத் தரும் அதே பொருள் இருப்பதை நம் நாட்டு அறிஞர் பிரம்மச்சாரி கண்டறிந்தார். அந்தக் காட்டில்தான் 2025 சூன் மாதம் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும், நஞ்சிட்ட மாட்டுடலைத் தின்று மடிந்தன. மாட்டை இழந்தவனின் துயரம் எனக்குத் தெரியாததன்று. ஆயினும் தன் இயல்புப்படி வாழ்ந்த உயிரை இல்லாமலே ஆக்கிவிடுவதுதான் அங்கும் வழியாகத் தோன்றியது. நம் விடுதியின் சாக்கு அதைவிடச் சிறிது, நினைப்பு ஒன்றே.

மன்றத்தாரை நான் கேட்பது இவ்வளவே. அரிசி அறைக் கதவுக்கு அடியில் ஒரு பலகை அடிப்போம். சமையற்கட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் ஐந்து தட்டு வைப்போம். அள்ளும் முறைக்கு ஒரு பட்டியல் எழுதி உணவுக்கூடச் சுவரில் ஒட்டுவோம். முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.